டாக்ஸி ஓடாத காருக்கு பார்ட்ஸ் கிடைக்காது

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு நேரா ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். அம்பாசிடர் கார் கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் தயாரானது. ஃபியட், அதாவது பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது, பம்பாய் குர்லாவில் தயாரானது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம மெட்ராஸ்ல, வண்டலூர் பக்கம் தயாரானது. இப்போ நீங்க புதுப்பேட்டைக்குப் போய் இந்த மூணு காருக்கும் ஏதாவது ஒரு சாமான் கேட்டுப் பாருங்க. அம்பாசிடருக்கு உடனே எடுத்துத் தருவாங்க. ஃபியட்டுக்குக் கொஞ்சம் தேடித் தருவாங்க. ஹெரால்டுன்னு சொன்னா கடைக்காரர் முதல்ல சிரிப்பார். அப்புறம் "அதை இன்னும் வச்சிருக்கியா தம்பி?" என்பார்.

ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் செஞ்ச காருக்கு இங்க சாமான் மலிவா கிடைக்குது. இதே ஊர்ல செஞ்ச காருக்குக் கிடைக்கலை. ஏன்? எங்க குடும்பத்தில் ஒரு 1970 ஹெரால்டு இருக்கிறதால, இந்தக் கேள்வி எனக்கு வெறும் வரலாற்றுக் கேள்வியா இல்லை. ஆனா பதில் வரலாற்றில்தான் இருக்கு.

சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியாவில் கார் "செய்தது" யாருமே கிடையாதுன்னு சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வரும், இங்கே கோத்து விற்பார்கள். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ரெண்டும் அப்படித்தான் பண்ணிட்டு இருந்தாங்க. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் காரைக் கோத்தது. ஆமாம், இன்னைக்கு பஸ், லாரி பண்ற அசோக் லேலண்டின் பூர்வீகம் அதுதான். 1953இல் வந்த டாரிஃப் கமிஷன் அறிக்கையோடு இந்தக் கதை முடிந்தது. பாகங்களைப் படிப்படியாக இந்தியாவிலேயே செய்யத் திட்டம் வைத்திருக்கும் கம்பெனிக்கு மட்டும்தான் அனுமதி என்றது அரசு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் பண்ண மிஞ்சியது மூணு பெரிய பெயர்: ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர், ஸ்டாண்டர்டு.

பாடப் புத்தகத்தில் இதை "இறக்குமதி மாற்று" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உதிரிபாகக் கடை வாசலில் நின்று பார்த்தால் இதுக்கு வேற அர்த்தம். கார் பிஸ்டன், பிரேக், டைனமோ, வீல் எல்லாத்தையும் இங்கேயே செய்தாகணும். யார் செய்வது? மெட்ராஸில் அமால்கமேஷன்ஸ் குழுமம் 1949லேயே இந்தியா பிஸ்டன்ஸைத் தொடங்கியிருந்தது. டி.வி.எஸ். குடும்பம் பிரிட்டிஷ் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து பாடியில் வரிசையாகத் தொழிற்சாலைகள் வைத்தது: 1960இல் வீல்ஸ் இந்தியா, 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் பிரேக்ஸ் இந்தியா. பாடியில் பஸ் கண்டக்டர் "லூகாஸ் இறங்கு" என்று கத்துவதைக் கேட்டிருப்பீங்க. அந்தப் பேருக்குப் பின்னால் இருப்பது 1953இல் எடுத்த முடிவு.

இதில் காருக்குச் சொந்தக்காரருக்கு ஒரு லாபம் இருந்தது. அம்பாசிடரும் ஹெரால்டும் பிரிட்டிஷ் வம்சம். ரெண்டுக்கும் கரண்ட் சாமான் லூகாஸ் குடும்பம்தான். ரெண்டுக்கும் இன்ச் ஸ்பானர். ஃபியட் மட்டும் இத்தாலி, அதனால எம்.எம். ஸ்பானர். பழைய மெக்கானிக் ஒருத்தர் பெட்டியைத் திறந்தா ரெண்டு செட் ஸ்பானர் தனித்தனித் துணியில் சுத்தி இருக்கும். அதுல ஒரு துணி மட்டும் ரொம்ப அழுக்கா இருந்தா, அவர் எந்தக் காரில் கைதேர்ந்தவர்னு தெரிஞ்சுக்கலாம்.

சரி, மூணு கம்பெனிக்கும் ஒரே சட்டம், ஒரே காலம். அப்புறம் ஹெரால்டு மட்டும் ஏன் தோத்துது?

எனக்குத் தெரிஞ்ச பதில் ஒரே சொல்: டாக்ஸி.

அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ். 1957 வாக்கில் இங்கே வந்தது, 2014 மே மாதம் வரை தயாரிப்பில் இருந்தது. முகப்பு கிரில்லை மாத்தினாங்க, 1990களில் இசூசு எஞ்சின் வச்சாங்க, ஆனா கூடு அதே கூடு. கல்கத்தா டாக்ஸி முழுக்க அதுதான். கலெக்டர், மந்திரி, தாசில்தார் ஜீப் இல்லாத நேரத்தில் ஏறுவதும் அதுதான். பம்பாயில் டாக்ஸின்னா பத்மினி. கடைசிப் பத்மினி டாக்ஸி இருபது வயசு நிறைந்து சாலையை விட்டுப் போனது 2023 அக்டோபர்லதான்.

டாக்ஸிக்காரர் கணக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க. வண்டி ஒரு நாள் நின்னா அன்னைக்குச் சாப்பாடு இல்லை. கம்பெனி ஒரிஜினல் வர ஒரு வாரம் ஆகும்னா காத்திருக்க மாட்டார். விலையும் கட்டாது. அதனால அவருக்கு இன்னைக்கே, பாதி விலைக்கு ஒரு பிரேக் கிட் வேணும், ஒரு கிங்பின் செட் வேணும், ஒரு சைலன்ஸர் வேணும். அதே சாமானை அதே ஊர்ல இன்னும் ஆயிரக்கணக்கான பேர் அதே மாசம் கேட்பாங்க. ஒரு சின்னப் பட்டறைக்காரருக்கு அச்சு வெட்டிப் போட இந்த ஒரு காரணம் போதும். மாடல் மாறாததால் இன்னைக்கு வெட்டிய அச்சு இருபது வருஷம் உழைக்கும். அம்பாசிடர் மாறவே இல்லைன்னு நாம கிண்டல் பண்றோமே, அந்த மாறாத குணம்தான் சாமானை மலிவாக்குச்சு. புதுசு புதுசா மாடல் வேணும்னு கேட்கிறவங்க இந்தப் பக்கத்தையும் பார்க்கணும்.

இப்போ ஹெரால்டுக்கு வருவோம். எனக்கு இந்தக் கார் மேல பாரபட்சம் உண்டு, அதை முன்னாடியே சொல்லிடறேன்.

இங்கிலாந்தில் ஹெரால்டு வந்தது 1959இல், டிரையம்ஃப் என்ற பெயரில். வடிவமைச்சவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அந்தக் காலத்தில் எல்லாரும் அடிச்சட்டமும் உடம்பும் ஒண்ணான கூட்டுக்கு மாறிட்டு இருந்தாங்க. ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபுக்கு ஒரு சிக்கல். அவங்களுக்குக் கார் உடம்பு செஞ்சு தந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிடுச்சு. அதனால பழையபடி தனி சட்டம் வச்சு, அதுமேல உடம்பைத் துண்டு துண்டா போல்ட் போட்டுக் கோக்கிற மாதிரி வடிவமைச்சாங்க. பானட் மொத்தமா, மட்கார்டோட சேர்ந்து முன்பக்கம் சாயும். எஞ்சின், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கண்ணுக்கு முன்னாடி. டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே வேலை பார்க்கலாம். பழுது பார்க்கிறவனுக்கு இதைவிட வசதியான கார் கிடையாது. சட்டியில் அடிபட்டா அந்தத் துண்டை மட்டும் கழட்டி மாத்தலாம்.

1961இல் இது மெட்ராஸ்ல தயாராக ஆரம்பிச்சது. 948 சிசி எஞ்சின். எல்லாம் நல்லாத்தான் போச்சு, பின்பக்கம் தவிர. பின்னால் குறுக்குவாட்டில் ஒரே ஒரு பட்டைச் செட்டு, ரெண்டு பக்கமும் தனித்தனியா ஆடுற ஆக்சில். இங்கிலாந்து ரோட்டுக்கு அது சொகுசு. நம்ம ஊர்ல ஒரு குடும்பம், ரெண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை அரிசி ஏத்தினா சக்கரம் ரெண்டும் காலை விரிச்சு நிக்கும். ரெண்டே கதவு வேற. இதை டாக்ஸிக்கு யார் வாங்குவா? டாக்டர், வக்கீல், காலேஜ் புரொபசர், கொஞ்சம் ஸ்டைல் பார்த்தவங்க வாங்கினாங்க. அவங்க ஞாயித்துக்கிழமை ஓட்டினாங்க. வருஷத்துக்கு ஒரு பிரேக் கிட் மாத்தினா அதிகம்.

கம்பெனியும் சும்மா இருக்கலை. மூணாவது மார்க்கில் நாலு கதவு வச்சாங்க. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு நாலு கதவு இருந்ததே இல்லை. அது முழுக்க மெட்ராஸ் கைவேலை. 1972இல் கெஸல்னு ஒரு கார் கொண்டுவந்து, மெக்கானிக்குகளும் ஓட்டுறவங்களும் திட்டின அந்தப் பின் ஆக்சிலையே மாத்தி, சாதாரண ஆக்சில் வச்சாங்க. ஆனா அதுக்குள்ள நேரம் கடந்துடுச்சு. கார் விலையை அரசே கட்டுப்படுத்தின காலம் அது. கொஞ்சம் கெஸல்தான் வெளிவந்தது, 1977இல் கார் தயாரிப்பு நின்னுது.

ஆக, கணக்கு இவ்வளவுதான். டாக்ஸி இல்லை, அதனால தினசரித் தேவை இல்லை, அதனால யாரும் டூப்ளிகேட் அச்சு வெட்டலை. கம்பெனி நின்ன அன்னைக்கு ஒரிஜினலும் நின்னுது. அண்ணா சாலைக்குப் பக்கத்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் டப்பா பிரிக்காத புதுச் சாமான் கொஞ்ச வருஷம் கிடைச்சது. அதுவும் தீர்ந்தப்புறம் மிஞ்சினது புதுப்பேட்டை.

புதுப்பேட்டையைப் பத்தி ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. எழும்பூர் ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம், கூவம் ஓரம். ஒரு கடை வாசல்ல கதவா சாத்தி வச்சிருக்கும், அடுத்ததுல ஹெட்லைட்டா தொங்கும், அதுக்கடுத்ததுல கியர்பாக்ஸ் மட்டும் அடுக்கியிருக்கும். "திருட்டு பார்ட்ஸ் மார்க்கெட்"னு ஒரே வார்த்தையில் முத்திரை குத்துறது எனக்குப் பிடிக்காது. அப்படியும் சரக்கு வந்திருக்கலாம். ஆனா ஒரு வண்டியை உடைச்சு, எது இன்னும் உழைக்கும், எது இரும்பு விலைக்குப் போகும்னு பிரிக்கிறது ஒரு படிப்பு. அது எந்த ஐ.டி.ஐ.யிலும் கிடையாது.

அங்க முதல் விதி, வாயால கேட்கக் கூடாது. "சாம்பிள் கொண்டாந்தியா?" இதுதான் முதல் கேள்வி. பழைய சாமானைக் கையில் வச்சா, பாய் அதைப் புரட்டிப் பார்ப்பார், விரலால் துளையை அளப்பார், எதிர்க்கடைப் பையனைக் கூப்பிடுவார். "இது அம்பாசிடர்ல வர்றதுதான், நீளம் மட்டும் கூட இருக்கும், வெட்டிக்கோ." எந்தக் காரின் எந்தப் பாகம் வேற எந்தக் காருக்குப் பொருந்தும் என்ற அட்டவணை அவங்க தலைக்குள்ள இருக்கு. 1950களில் எல்லாரும் ஒரே லூகாஸ், ஒரே கர்லிங் பிரேக் வம்சத்தில் வாங்கினதோட நிழல் அது. வரலாறு படிக்கிறவன் காப்பகத்தில் தேடுறதை அவர் விரலால் தேடுறார்.

எங்க வண்டி என் பெரியப்பாவுடையது. 1979இல் செகண்ட்ஹேண்டா வாங்கினார். கம்பெனி கார் தயாரிப்பை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆனதால்தான் அந்த விலைக்குக் கிடைச்சதுன்னு அவரே சொல்வார். அவர் போனதுக்கப்புறம் வண்டி ஷெட்ல நின்னுது. அண்ணனுக்கு, அதாவது பெரியப்பா பையனுக்கு, அதை இரும்புக்குப் போட்டுடலாம்னு எண்ணம். நியாயம்தான், வாடகை வீட்டில் ஷெட்டுக்கும் சேர்த்து வாடகை கொடுக்கிறவர் அவர். எனக்கு ஒரு வருஷம் டைம் கொடுத்தார். வண்டி ஓடணும், அதுவும் மாசச் சம்பளத்துக்குள்ள ஓடணும்.

மத்த வேலையெல்லாம் ஒப்பேறிடுச்சு. ரேடியேட்டரைப் பிரிச்சு ஈயம் பத்த வச்சாச்சு. பின் பட்டைக்குப் பட்டறையில் காய்ச்சி அடிச்சு வளைவு கொடுத்தாச்சு. ரப்பர் புஷ் வார்க்கிற ஆளே இருக்காங்க, பழசைக் கொடுத்தா அச்சு எடுத்து ஊத்தித் தருவாங்க. வம்பு வந்தது ட்ரன்னியன்ல.

இதைக் கொஞ்சம் விளக்கிடறேன், ஏன்னா ஹெரால்டு வச்சிருக்கிற யாருக்கும் இது உயிர் போற விஷயம். முன்சக்கரத்தைத் தாங்குற செங்குத்தான இரும்புத் தண்டின் அடிப்பாகத்தில் மரை இருக்கும். அது ஒரு வெண்கல உருண்டைக்குள்ள திருகி உட்காரும். ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையில்தான் சுத்தும். அதுக்குப் போட வேண்டியது கியர் ஆயில். ஆனா நிப்பிளைப் பார்த்ததும் எந்த மெக்கானிக்குக்கும் கிரீஸ் கன்தான் கைக்கு வரும். கிரீஸ் மரைக்குள்ள சரியா இறங்காது, தண்ணி புகுந்து துரு பிடிக்கும், ஒரு நாள் தண்டு முறிஞ்சு சக்கரம் உள்ள மடங்கிடும். எங்க வண்டியில் ரெண்டு பக்கமும் கிரீஸ் கெட்டியாகி நின்னிருந்தது. மரை கரைஞ்சிருந்தது.

புதுப்பேட்டையில் கிடைக்கலை. லேத் பட்டறையில் கன்மெட்டல்ல வெண்கல உருண்டையைக் கடைஞ்சு தர்றேன்னாங்க, அது முடியும். ஆனா இரும்புத் தண்டைக் கடையறது வேண்டாம்னு லேத்துக்கார அண்ணனே சொல்லிட்டார். "தம்பி, இது சக்கரத்தைத் தாங்குறது. எந்த இரும்புன்னு தெரியாம நான் செஞ்சு குடுத்தா, நீ ஓட்டுவ, நான் தூங்க மாட்டேன்." மலிவு எங்க நிக்கணும்னு அவர் கிழிச்ச கோடு அது. பிரேக் சாமானுக்கும் நான் அதே கோட்டைத்தான் போடறேன், டூப்ளிகேட் பக்கமே போறதில்லை.

கடைசியில் அந்தத் தண்டு இங்கிலாந்தில் இருந்து வந்தது. அங்க கிடைக்கக் காரணம் என்ன தெரியுமா? ஹெரால்டோட முன் சஸ்பென்ஷனைத்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் எடுத்துக்கிச்சு. லோட்டஸ் எலான்கூட டிரையம்ஃப் தண்டைத்தான் பயன்படுத்துச்சு. அந்தக் கார்களுக்கு அங்க கிளப்பும் கடையும் ஏராளம். நம்ம ஊர்ல டாக்ஸி செஞ்ச வேலையை அங்க ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் செஞ்சாங்க. எங்களுக்குப் பாகத்தின் விலையைவிட கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து அதிகமாச்சு. லண்டன்ல இருந்து லீவுக்கு வந்த ஒரு நண்பன் ரெண்டாவது தண்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். ஏர்போர்ட்ல ஸ்கேன் பண்ணினவங்க முகத்தை அவன் இன்னும் நடிச்சுக் காட்டுவான்.

பாகங்கள் எதிர்த் திசையிலும் போயிருக்கு. 1985இல் ஸ்டாண்டர்டு கம்பெனி மறுபடி ஒரு கார் விட்டுது, ஸ்டாண்டர்டு 2000. பார்க்க பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1, 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார்னு விருது வாங்கின அதே அழகான உடம்பு. உள்ள இருந்தது பழைய வேன்கார்டு வம்சத்து 2 லிட்டர் எஞ்சின். அதே வம்சம் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதிருக்கு. மாருதி வந்துட்ட ஊர்ல இதை யார் வாங்குவா? 1988இல் மூடிட்டாங்க. அப்புறம் மிச்சம் கிடந்த பாகங்களை வாங்கினது இங்கிலாந்தில் எஸ்.டி.1 சாமான் விக்கிற ஒரு கம்பெனி. அங்க பழைய ரோவரை வச்சு அல்லாடினவங்களுக்கு மெட்ராஸ் சரக்கு போச்சு.

இலங்கைக் கதை இன்னும் சுவாரசியம். அங்க மோரிஸ் மைனர் ஏராளம். இறக்குமதி நெருக்கடி இருந்த நாடு, அதனால அந்தக் காரை விடாம ஓட்டினாங்க, தகடு அடிக்கிற கை அங்க இருந்தது. இங்கிலாந்தில் பாத் நகரத்து மோரிஸ் மைனர் சென்டரை நடத்தின சார்லஸ் வேர், 1990களில் இலங்கையிலேயே பட்டறை வச்சு மைனர் பாகங்கள் செஞ்சு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

சரி, இன்னைக்கு நிலைமை? 15 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயில் இருந்து 5,000 ஆச்சு. 2025இல் 20 வருஷம் தாண்டினதுக்கு 10,000 ஆக்கிட்டாங்க. 50 வருஷம் தாண்டினா "வின்டேஜ்"னு பதிவு பண்ணலாம், 2021 விதி. ஆனா அப்படிப் பண்ணினா தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான். பெரியப்பா அந்த வண்டியில் ரேஷன் அரிசி வாங்கினவர். நான் வின்டேஜுக்குப் போகலை.

புகை, பாதுகாப்பு, ரெண்டுமே நியாயமான கவலை, அதை நான் மறுக்கலை. என் கவலை வேற. பழைய வண்டி எல்லாம் நேரா நொறுக்கும் ஆலைக்குப் போயிட்டா, கழட்டிப் பிரிக்கிற தெருவுக்குச் சரக்கு வராது. சரக்கு வராட்டா, விரலால் அளக்கிற அந்தப் பாய்க்கு அப்புறம் அவர் பையன் அந்தக் கடையில் உட்கார மாட்டான். இப்பவே பாதிக் கடை பைக்குக்கு மாறிடுச்சு.

அம்பாசிடர் நின்ன அதே 2014இல், ஜனவரியிலேயே, மாருதி 800உம் நின்னுது. அதுக்குச் சாமான் இன்னும் கொட்டிக் கிடக்கு. காரணம் உங்களுக்கே தெரியும், எத்தனை வீட்டில் ஓடுச்சு, எத்தனை டிரைவிங் ஸ்கூல்ல ஓடுச்சு. ஒரு பழைய கார் வாங்கி வச்சுக்கணும்னு ஆசைப்படுறவங்க எனக்கு மெயில் போடுறீங்க, எந்தக் கார் அழகுன்னு கேட்கிறீங்க. எந்தக் கார் டாக்ஸியா ஓடுச்சுன்னு கேளுங்க. அதை வாங்கினா தூக்கம் வரும். எங்களை மாதிரி ஹெரால்டு வாங்குறதுன்னா, வாங்குறதுக்கு முன்னாடி முன்சக்கரத்து நிப்பிள்ல எதைப் போட்டாங்கன்னு கேளுங்க.

எங்க வண்டி இப்போ ஓடுது. அண்ணன் கொடுத்த ஒரு வருஷத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. பாக்கி ஒரே ஒரு சாமான்: இடது பக்கப் பின் கதவு. அடித் தகடு முழுக்க அரிச்சுப் போச்சு, டிங்கர் கைவிட்டுட்டார். இங்கிலாந்தில் கேட்க வழியில்லை. நான் முன்னாடியே சொன்னேனே, பின் கதவு வச்ச ஹெரால்டு அங்க கிடையாது. உலகத்திலேயே மெட்ராஸ்ல மட்டும் செஞ்ச கதவு அது. உங்க தாத்தா வீட்டுப் பரண்லயோ, ஊர்ல மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலயோ ஒரு மார்க் 3 கதவு கிடந்தா, காயலாங்கடைக்குப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெயில் போடுங்க. சாம்பிளோட நானே வர்றேன்.